விமானப்படையில் போரிட்ட உறவினரின் பணி வரலாற்றையும் வீரப் பதக்கங்களையும் தேடி எழுதுவது எப்படி: குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

"பாட்டா ஏர்ஃபோர்ஸில பிளைட்டு ஓட்டினாரு, சண்டையில மெடல் வாங்கினாரு" என்று வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் ஒற்றை வரியை, நாளும் இடமும் பணியும் உறுதிப்பட்ட ஒரு வரலாறாக மாற்றி எழுதுவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். ஊர்க் கோயில் விழா மலருக்கோ, ஆலய நூற்றாண்டு மலருக்கோ, பள்ளி ஆண்டு மலருக்கோ, பேரப்பிள்ளைகள் படிக்கும் குடும்ப வரலாற்றுக்கோ இத்தகைய கட்டுரையை எழுத விரும்புவோர் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் எழுதுவதில் பெரும்பாலும் "அஞ்சாநெஞ்சர்", "வீரத்தின் விளைநிலம்" போன்ற சொற்கள் நிறைந்திருக்கின்றன. அவர் எந்த ஆண்டில், எந்த ஸ்குவாட்ரனில் (விமானப் படையணியில்), எந்த விமானத்தில், என்ன பணி செய்தார் என்பது மட்டும் இருப்பதில்லை. உறுதி செய்யப்பட்ட ஒரே ஒரு பறப்பின் விவரம், அடைமொழிகள் நிறைந்த பத்துப் பக்கங்களைவிட அந்த மனிதருக்கு அதிக நியாயம் செய்யும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வீட்டிலுள்ள தாள்களிலிருந்து தொடங்குதல்

முதலில் தேட வேண்டியது பதக்கத்தை அல்ல, சர்வீஸ் நம்பரை. பெயர் ஒன்றாகவே பலருக்கு இருக்கும். எண் ஒருவருக்கே உரியது. டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, வங்கியில் கொடுத்த பழைய விண்ணப்பங்களின் நகல் ஆகிய ஏதேனும் ஒன்றில் அது இருக்கும். எதுவும் கிடைக்காவிட்டால், நாகர்கோவிலில் இயங்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அவரோ அவருடைய மனைவியோ பதிவு செய்திருந்தார்களா என்று கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்ததாக அவர் அதிகாரியா, ஏர்மேனா (அதிகாரி அல்லாத விமானப்படை வீரரா) என்பதையும், அவருடைய பிரிவு அல்லது தொழில் என்ன என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பைலட் ஆபீசர், ஃபிளையிங் ஆபீசர், ஃபிளைட் லெஃப்டினன்ட், ஸ்குவாட்ரன் லீடர் என ஏறிச் செல்வது அதிகாரிகளின் வரிசை. லீடிங் ஏர்கிராஃப்ட்மேன், கார்ப்பரல், சார்ஜென்ட், வாரன்ட் ஆபீசர் என்று செல்வது ஏர்மேன்களின் வரிசை. வீட்டில் "பிளைட்டு ஓட்டினார்" என்று சொல்லப்படும் பலர் உண்மையில் இயந்திரம் பழுதுபார்த்தவர்களாகவும், கம்பியில்லாத் தந்தி இயக்கியவர்களாகவும், குண்டுகளைப் பொருத்தியவர்களாகவும் இருப்பார்கள். அதனால் அவர்களுடைய மதிப்பு குறைந்துவிடுவதில்லை. தரையில் நின்றவர் இரவெல்லாம் உழைக்காமல் எந்த விமானியும் விடியலில் மேலே சென்றதில்லை. ஆனால் செய்யாத பணியை அவர்மீது ஏற்றிச் சொன்னால், செய்த பணி மறைந்துபோகும். பதவிப் பெயரில் 'ஃபிளைட்' என்ற சொல் இருப்பதாலேயே விமானி என்று முடிவு செய்துவிடவும் கூடாது. அரசிதழில் ஓர் அதிகாரியின் பெயருக்கும் எண்ணுக்கும் பின்னால் 'எஃப்' என்ற எழுத்தும் அடைப்புக்குறிக்குள் 'பி' என்ற எழுத்தும் இருந்தால், அவர் பறக்கும் பிரிவைச் சேர்ந்த விமானி என்று பொருள். 'பி' இருக்குமிடத்தில் 'என்' இருந்தால் நேவிகேட்டர், அதாவது விமானத்துக்கு வழி கணித்துச் சொல்பவர்.

நம் மாவட்டத்துக்கே உரிய இரண்டு சிக்கல்களை இங்கே சொல்லியாக வேண்டும். முதலாவது, ஊர்ப் பெயர். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1 அன்று. அதற்கு முன் படையில் சேர்ந்தவருடைய பதிவில் சொந்த மாநிலம் திருவிதாங்கூர் என்றும், 1949க்குப் பிறகு சேர்ந்தவராயின் திருவிதாங்கூர்-கொச்சி என்றும், மாவட்டம் திருவனந்தபுரம் என்றும் இருக்கக்கூடும். எனவே அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களில் பிறந்தவரைச் சென்னை மாகாணத்தாரின் பட்டியலில் மட்டும் தேடிவிட்டு "பெயர் இல்லை" என்று முடிவு கட்டக் கூடாது. பெயரின் முன்னெழுத்து தந்தையின் பெயரா, வீட்டுப் பெயரா, ஊர்ப் பெயரா என்பதையும், ஞானஸ்நானப் பெயரும் அழைக்கும் பெயரும் வேறுபட்டனவா என்பதையும் பெரியவர்களிடம் கேட்டு, எழுதப்பட்டிருக்கக்கூடிய எல்லா எழுத்துக்கூட்டல்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தேட வேண்டும்.

இரண்டாவது, ஆண்டுக் கணக்கு. பழைய ஜாதகம், பத்திரம், ஆலயப் பதிவேடு, வீட்டுக் குறிப்பு ஆகியவற்றில் கொல்லம் ஆண்டு இருக்கும். அந்த ஆண்டு ஆவணியில் பிறப்பதால், ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரையுள்ள நாளுக்கு 824ஐயும், சனவரி தொடங்கியபின் ஆடி முடியும் வரையுள்ள நாளுக்கு 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1118 புரட்டாசி என்றால் அது 1942. அதே 1118 பங்குனி என்றால் அது 1943. "பதினெட்டாம் ஆண்டில் பட்டாளத்துக்குப் போனார்" என்று ஒருவர் சொன்னால், அது 1918 ஆகாமல் கொல்லம் 1118 ஆக இருக்கலாம் என்பதை நினைவில் கொள்வது இரண்டு உலகப் போர்களைக் குழப்பிக்கொள்ளாமல் காக்கும்.

கடிதங்களைத் தூக்கி எறிந்துவிடாமல் உறைகளையும் சேர்த்து வைத்திருந்தால் அது பெரும் பேறு. படையினருக்கான அஞ்சல் முகவரியில் 56 ஏ.பி.ஓ. என்று இருந்தால் அது டெல்லி வழியாகவும், 99 ஏ.பி.ஓ. என்று இருந்தால் கல்கத்தா வழியாகவும் சென்ற தபால். 1971ஆம் ஆண்டு திசம்பர் மாதத்து உறையில் 99 என்று இருக்குமானால், அவர் கிழக்குப் பகுதியில் இருந்தார் என்று எண்ண இடமுண்டு. இது திசையைக் காட்டும் குறிப்பே ஒழிய முடிந்த முடிபன்று; பதக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே எழுத வேண்டும்.

பதக்கங்களைப் படித்தல்

பதக்கங்களைக் கையில் எடுத்ததும் பளபளப்பாக்கும் பசையைத் தேய்க்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. அதைச் செய்யவே கூடாது. பெரும்பாலான இந்தியப் பதக்கங்களின் விளிம்பில் எண்ணும் பதவியும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். மீண்டும் மீண்டும் தேய்த்தால் அழிவது அந்த எழுத்துகளே. பக்கவாட்டில் வெளிச்சம் படுமாறு வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் விளிம்பைப் படித்து, முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு, ரிப்பன் நான்கையும் படமெடுத்த பின்னரே அடுத்த வேலைக்குச் செல்ல வேண்டும்.

எல்லாப் பதக்கங்களும் வீரத்துக்காகத் தரப்பட்டவை அல்ல என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். ஒரு போரில், ஒரு பகுதியில் அல்லது ஒரு குறிப்பிட்ட காலத்தில் பணியாற்றிய அனைவருக்கும் உரியவை ஒரு வகை. 1965க்கு உரிய சமர் சேவா ஸ்டாரும் ரக்ஷா பதக்கமும், 1971க்கு உரிய பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் பதக்கம் ஆகியனவும், விடுதலையின் 25ஆம் ஆண்டு நிறைவுப் பதக்கமும் இவ்வகையின. பூர்வி ஸ்டார் கிழக்கு முனையையும், பஸ்சிமி ஸ்டார் மேற்கு முனையையும் குறிக்கும். ஆகவே வீரப் பதக்கம் இல்லாத ஒருவர் போரின்போது எங்கே இருந்தார் என்பதற்கும் இவை நல்ல சான்று. இரண்டாம் உலகப் போரில் 1939-45 ஸ்டார், பர்மா ஸ்டார், வார் மெடல், இந்தியா சர்வீஸ் மெடல் ஆகியன இதே வகையைச் சேரும். பர்மா ஸ்டார் 1941 திசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரையிலான காலத்துக்கு உரியது. நடுவில் அகன்ற சிவப்பும், இரு ஓரங்களிலும் கருநீலத்துக்கு நடுவே ஆரஞ்சும் உள்ள ரிப்பனால் அதை அடையாளம் காணலாம்.

மற்றொரு வகையே தனிப்பட்ட வீரச் செயலுக்கு உரியது. பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா மூன்றும் 1950 சனவரி 26 அன்று ஏற்படுத்தப்பட்டு, 1947 ஆகஸ்டு 15 முதல் செல்லுபடியாகுமாறு செய்யப்பட்டவை; எதிரியின் முன்னிலையில் காட்டிய துணிவுக்காகத் தரப்படுபவை. பரம் வீர் சக்ராவின் ரிப்பன் முழுதும் கருஞ்செந்நீலம். மகா வீர் சக்ராவினுடையது பாதி வெள்ளை, பாதி காவி. வீர் சக்ராவினுடையது பாதி கருநீலம், பாதி காவி. எதிரி எதிரில் இல்லாத சூழலில் காட்டிய வீரத்துக்கு அசோகச் சக்கர வரிசை உண்டு. 1952இல் முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்று தொடங்கிய அவ்வரிசை, 1967இல் அசோக் சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா என்று பெயர் மாறியது. எனவே 1960இல் ஒருவர் "சௌர்ய சக்ரா" பெற்றார் என்று எழுதினால் அது பிழை. அன்று அதன் பெயர் அசோகச் சக்கரம் மூன்றாம் வகுப்பு. 1952 பிப்ரவரியில், படையின் உயர் அதிகாரிகளை ஏற்றிவந்த டெவன் விமானத்தின் இயந்திரம் தீப்பற்றியபோது அதை வயலில் இறக்கி அனைவரையும் காத்த ஃபிளைட் லெஃப்டினன்ட் சுகாஸ் பிஸ்வாஸ் அசோகச் சக்கரம் பெற்றார். அங்கே எதிரி இல்லை, ஆனால் துணிவு இருந்தது.

1960இல் தொடங்கிய வாயு சேனா பதக்கத்தைப் பற்றிக் கூடுதல் கவனம் தேவை. இது வீரத்துக்காகவும் தரப்படுகிறது, கடமையில் காட்டிய சிறந்த ஈடுபாட்டுக்காகவும் தரப்படுகிறது. பதக்கத்தை மட்டும் பார்த்து எதற்காக என்று சொல்ல முடியாது. அரசிதழ் அறிவிப்பைப் பார்த்தே சொல்ல வேண்டும். சாம்பல் நிறமும் காவியும் சாய்கோடுகளாக மாறிமாறி வரும் ரிப்பன் இதற்கு அடையாளம்.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் பகையோடு போரிட்டுப் பறந்த அதிகாரிகளுக்கு டிஸ்டிங்குவிஷ்டு ஃபிளையிங் கிராஸ் என்னும் டி.எஃப்.சி. வழங்கப்பட்டது. பர்மாவில் லைசாண்டர் விமானங்களுடன் முதலாம் ஸ்குவாட்ரனை நடத்திய கே. கே. மஜும்தார் 1942இல் இதைப் பெற்றார். பின்னர் இரண்டாம் முறையும் பெற்றார். இம்பால் போரில் அதே ஸ்குவாட்ரனுக்குத் தலைமை தாங்கிய அர்ஜன் சிங் 1944இல் பெற்றார். ஒரே விருதை இரண்டாம் முறை பெற்றவர் ரிப்பன்மீது ஒரு பட்டையை அணிவார். அதைப் 'பார்' என்பார்கள். மகா வீர் சக்ராவை 1965இலும் 1971இலும் பெற்ற பத்மநாப கௌதம் அப்படி அணிந்தவர்.

பெரும்பாலோர் தவறவிடுவது மென்ஷன் இன் டிஸ்பாட்சஸ் எனப்படும் பாராட்டுக் குறிப்பை. இதற்குத் தனிப் பதக்கம் கிடையாது. போர்ப் பதக்கத்தின் ரிப்பன்மீது ஒரு சிறு உலோக இலை பொருத்தப்படும். இரண்டாம் உலகப் போரில் அது ஓக் இலை, சுதந்திர இந்தியாவில் தாமரை இலை. பழைய பெட்டியில் தனியே கிடக்கும் ஒரு சிறு இலையை ஏதோ உடைந்த ஊக்கு என்று எறிந்துவிட்டால், ஒருவருடைய வீரத்தின் ஒரே அடையாளம் போய்விடும்.

எழுதிக் கேட்பதும் தேடிப் பார்ப்பதும்

ஏர்மேன்களின் பணி ஆவணங்கள் புதுடெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள விமானப்படை ஆவண அலுவலகத்தின் பொறுப்பில் உள்ளன. அதிகாரிகளுடையவற்றுக்கு விமானப்படைத் தலைமையகத்துக்கு எழுத வேண்டும். கடிதத்தில் எண், பதவி, முழுப் பெயர், பிறந்த நாள், சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவற்றைக் கொடுத்து, உங்கள் உறவைக் காட்டும் சான்றுகளின் நகல்களை இணைத்து, என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேட்க வேண்டும். "அவரைப் பற்றிய எல்லா விவரமும்" என்று கேட்பதைவிட, "அவர் பணியாற்றிய பிரிவுகளும் காலமும், பெற்ற பதக்கங்களின் பட்டியல், விருதுரையின் நகல்" என்று கேட்பதே பயன் தரும். விருதுரை என்பது விருது எதற்காகத் தரப்பட்டது என்பதைச் சொல்லும் குறிப்பு. மறுமொழி வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ₹10 கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். அச்சட்டத்தின் 8(3) பிரிவு, 20 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வுகள் பற்றிய தகவல்களுக்குச் சில விலக்குகளைத் தவிர மற்றவை பொருந்தா என்கிறது. விண்ணப்பத்தில் இதைச் சுட்டுவது நல்லது.

விருதுகளைப் பொறுத்தவரை அரசிதழே இறுதிச் சான்று. சுதந்திரத்துக்குப் பிந்தைய வீர விருதுகளைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருதுகள் இணையதளத்தில் பெயரிட்டுத் தேடலாம். அதற்கு முந்தையவற்றை லண்டன் கெஜட்டின் இணையத் தொகுப்பில் கட்டணமின்றிப் பார்க்கலாம். சில அறிவிப்புகளில் விருதுரை இல்லாமல் பெயர்ப் பட்டியல் மட்டுமே இருக்கும். பிரிட்டிஷ் விமானப்படையான ராயல் ஏர் ஃபோர்ஸின் ஸ்குவாட்ரன்களுடைய செயற்பதிவேடுகள் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏர் 27' என்னும் வரிசையில் உள்ளன. இவற்றில் 540ஆம் படிவம் அன்றாட நிகழ்வுகளின் சுருக்கத்தையும், 541ஆம் படிவம் ஒவ்வொரு பறப்பிலும் சென்ற விமானம், ஆட்கள், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம் ஆகியவற்றையும் தரும். ராயல் ஏர் ஃபோர்ஸின் முதலாம் ஸ்குவாட்ரனும் இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரனும் வேறு வேறு என்பதை மறந்தால், வேறொருவருடைய போரை உங்கள் உறவினருக்கு எழுதிவிடுவீர்கள். 1945 மார்ச்சு முதல் 1950 சனவரி 26 வரை நம் படையின் பெயருக்கு முன்னும் 'ராயல்' என்ற சொல் இருந்தது என்பதால் இந்தக் குழப்பம் எளிதில் நேர்கிறது.

திரும்பி வராதவராயின், இரு உலகப் போர்களுக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலைப் பார்க்க வேண்டும். கல்லறை அறியப்படாத வான்படையினர் பலருடைய பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவிடத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. சுதந்திரத்துக்குப் பின் உயிர்நீத்தவர்களின் பெயர்கள் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட புதுடெல்லி தேசியப் போர் நினைவிடத்தின் தியாகச் சக்கரச் சுவர்களில் உள்ளன.

பறப்புப் பதிவேடும் நாள்களின் கணக்கும்

விமானியின் லாக் புக் கிடைத்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றியே அமைக்கலாம். அதில் நாள், விமான வகை, விமானத்தின் எண், உடன் சென்றவர், பணி, பகலிலும் இரவிலும் பறந்த நேரம் ஆகியன தனித்தனிக் கட்டங்களில் இருக்கும். மாத முடிவில் மேலதிகாரி கையொப்பமிட்டிருப்பார். இரவுப் பறப்பைச் சிவப்பு மையில் எழுதும் வழக்கம் பல ஸ்குவாட்ரன்களில் இருந்தது. விமான எண்ணின் முன்னெழுத்துகளே வகையைச் சொல்லிவிடும், 'பி.ஏ.' என்று தொடங்கினால் அது ஹண்டர். பணி என்ற கட்டத்தில் உள்ள சுருக்கங்களை ஊகித்து விரிக்காமல், உள்ளபடியே படியெடுத்து, ஓய்வுபெற்ற விமானப்படையினர் ஒருவரிடம் காட்டிப் பொருள் கேட்பது நல்லது. போர் நடந்த நாள்களின் பக்கங்களைத் தனியே எடுத்து, பொது வரலாற்றோடு ஒப்பிட வேண்டும். 1965இல் நம் விமானங்கள் செப்டம்பர் 1 மாலை சம்ப் பகுதியில் தாக்குதலில் இறங்கின. போர்நிறுத்தம் 23ஆம் நாள் வந்தது. 1971இல் திசம்பர் 3 மாலை தொடங்கிய போர், கிழக்கில் 16ஆம் நாள் முடிந்தது. 1962இல் போர் விமானங்கள் தாக்குதலில் ஈடுபடுத்தப்படவில்லை. சரக்கு விமானங்களும் ஹெலிகாப்டர்களுமே முன்னணியில் உழைத்தன. எனவே 1962இல் குண்டு வீசியதாக வீட்டில் ஒரு கதை இருந்தால், அது வேறு ஆண்டைச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

விருது தொடர்பான நாள்கள் மூன்று: செயல் நடந்த நாள், அறிவிப்பு வெளியான நாள், கையில் பெற்ற நாள். திருவண்ணாமலை மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்ட அபிநந்தன் வர்த்தமான் மிக்-21 விமானத்தில் போரிட்டது 2019 பிப்ரவரி 27. வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது அவ்வாண்டு ஆகஸ்டில். குடியரசுத் தலைவரிடமிருந்து பெற்றது 2021 நவம்பரில். இந்த மூன்றையும் கலந்துவிட்டால் பின்னால் வருபவர்கள் தவறான ஆண்டின் அரசிதழைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

இன்னும் நீண்ட இடைவெளிக்கும் சான்று உண்டு. 1965 செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா விமானதளத்தைத் தாக்கச் சென்ற மிஸ்டேர் விமானங்களில் ஒன்றை ஓட்டியவர் குடகைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் ஏ. பி. தேவய்யா. அவர் மாற்று விமானியாகவே கிளம்பியவர். அவர் திரும்பவில்லை, என்ன நடந்தது என்பது இங்கே எவருக்கும் தெரியவில்லை. பல ஆண்டுகள் கழித்துப் பாகிஸ்தான் தரப்புச் செய்திகளைத் திரட்டிய பிரிட்டிஷ் எழுத்தாளர் ஒருவர் மூலம், தன்னைவிட மிக வேகமான எஃப்-104 விமானத்தோடு அவர் தனியாக மோதி அதை வீழ்த்தினார் என்பது வெளிவந்தது. 1988இல், அதாவது 23 ஆண்டுகளுக்குப் பிறகு, அவருக்கு மகா வீர் சக்ரா அளிக்கப்பட்டது. பழைய தாள்களைப் புரட்டுவதில் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விடை இதுதான்; விருதைத் தந்தது அரசு என்றாலும், அதற்கு வழி திறந்தது பொறுமையான தேடல்.

உயிரோடிருப்பவரிடம் கேட்டல்

1971இல் இருபது வயதில் இருந்தவர்களுக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. எனவே கடிதம் எழுதுவதற்கு முன்பே, பேசக்கூடியவர்களிடம் பேசிவிட வேண்டும். காலை நேரம் நல்லது. உறவினராயின் பாட்டா, பெரியப்பா என்று உறவு முறையிலும், அல்லாதவராயின் ஐயா அல்லது சார் என்றும் அழைத்து, ஒலிப்பதிவு செய்ய முன்கூட்டியே இசைவு பெற்று, போரிலிருந்து தொடங்காமல் நாகர்கோவிலிலிருந்து ரயிலேறாத காலத்துப் பயணத்திலிருந்து தொடங்குங்கள். அன்று இங்கே ரயில் இல்லை. திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ பேருந்தில் போய் ரயிலேறியதைச் சொல்லத் தொடங்கினாலே நினைவு திறந்துகொள்ளும். பிறகு பயிற்சி, முதல் ஸ்குவாட்ரன், படுத்த இடம், சாப்பாடு, விமானம் கிளம்பும் முன் செய்த வேலைகள் என்று வரிசையாகச் செல்லலாம். "எத்தனை பேரைக் கொன்றீர்கள்?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். திரும்பி வராத தோழரைப் பற்றிச் சொல்லும்போது அவர் நிறுத்தினால், நீங்களும் நிறுத்திவிடுங்கள். அடுத்த கேள்விக்கு அவசரப்பட வேண்டாம். படத்தைக் காட்டிக் கேட்டால் பெயர்கள் வரும். பெயர்களை அப்போதே படத்தின் நகலில் எழுதிக்கொள்ள வேண்டும், மூலப்படத்தின் பின்புறத்தில் பேனாவால் எழுதக் கூடாது.

எழுதுதலும் காத்தலும்

எழுதும்போது ஆவணம் சொல்வதையும் வீட்டார் சொல்வதையும் தனித்தனியே நிறுத்துங்கள். "அரசிதழின்படி", "லாக் புக்கின்படி", "அவருடைய மனைவி சொல்லக் கேட்டது" என்று வாக்கியத்திலேயே காட்டிவிட்டால் போதும். விருதுரையை முழுமையாக எடுத்துக் கொடுத்து, அதன்பின் உங்கள் விளக்கத்தை எழுதலாம். நல்ல விருதுரை எப்படி இருக்கும் என்று அறிய, விமானப்படையில் பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே வீரரான நிர்மல் ஜித் சிங் செகோனுடையதைப் படித்துப் பாருங்கள். 1971 திசம்பர் 14, ஸ்ரீநகர் விமானதளம், தாக்க வந்த சேபர் விமானங்கள் ஆறு, குண்டுகள் விழும்போதே அவர் நேட் விமானத்தில் மேலெழுந்தது, இரண்டு எதிரி விமானங்களைத் தாக்கியது, எண்ணிக்கையில் மிகுந்த எதிரிகளிடம் வீழ்ந்தது என்று நிகழ்ச்சிகளே பேசுகின்றன.

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று உலோகத்தையும் தாளையும் விரைவில் அரிக்கும். பதக்கங்களை ரப்பர் வளையமோ பிளாஸ்டிக் உறையோ படாமல் தூய பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் வைத்து, மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்ற வேண்டும். பழைய தாள்களை லேமினேஷன் செய்யக் கூடாது. ஒட்டுநாடா ஒட்டவும் கூடாது. ஸ்கேன் செய்த படிகளில் ஒன்றை வெளியூரில் வாழும் உறவினரிடமும், எழுதி முடித்த கட்டுரையின் ஒரு படியை அவர் படித்த பள்ளி நூலகத்திலும், மற்றொன்றை நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்திலும் கொடுத்து வைக்கலாம். அப்படிக் கொடுக்கும் படியின் முதல் பக்கத்தில் சர்வீஸ் நம்பரையும், எழுதிய நாளையும், எந்தெந்த விவரங்களுக்கு இன்னும் மறுமொழி வர வேண்டியுள்ளது என்பதையும் குறித்துவிடுங்கள். டெல்லியிலிருந்து கடிதம் வந்தபின் அந்தப் பக்கத்தை மட்டும் திருத்தி மாற்றிக்கொள்ளலாம்.